குப்பைக்குப் போன இசை, காதால் மீட்ட ரசிகர்கள்

1970 மே மாதம் கல்வர் சிட்டியில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. உடைகள், நாற்காலிகள், வாள்கள் என்று பல நாள் நடந்த ஏலம். 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் ஜூடி கார்லண்டுக்காகச் செய்த சிவப்பு ஷூ ஜோடி ஒன்று 15,000 டாலருக்குப் போனது. அந்தப் படத்தின் ஆர்க்கெஸ்ட்ரா நோட்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனி 1969-இல் கிர்க் கெர்கோரியன் கைக்கு மாறியிருந்தது. புது நிர்வாகத்துக்குப் பழைய காகிதம் வெறும் இட அடைப்பு. முழு ஸ்கோர்களும், வயலினுக்கு, கிளாரினெட்டுக்கு, டிரம்பெட்டுக்கு என்று தனித்தனியாகப் படியெடுத்த தாள்களும் பள்ளம் நிரப்பும் குப்பையோடு போய்ச் சேர்ந்தன. 'சிங்கிங் இன் த ரெயின்' போன்ற படங்களின் இசைக்கும் அதே கதிதான்.

ஹாலிவுட்டின் பொற்கால இசையைப் பற்றி இன்று புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் கச்சேரியாகவும் நாம் பெறுவதில் பெரும்பங்கு, அதன் சொந்தக்காரர்கள் தந்ததல்ல. அதை விரும்பி, சேர்த்து, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கியவர்கள் தந்தது. இந்தத் துறையின் வரலாற்றை எழுதுவோர் இசையமைப்பாளர்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். ரசிகர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் கட்சி. ஆனாலும் அவர்கள் எதைக் காதலித்தார்கள் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

வியன்னாவில் 1888-இல் பிறந்த மேக்ஸ் ஸ்டைனர் 1929-இல் ஹாலிவுட் வந்தார். 'கிங் காங்' (1933) படத்துக்கு இருக்கிற பழைய இசையை ஒட்டிச் சமாளிக்கச் சொன்னது ஆர்.கே.ஓ. நிர்வாகம். தயாரிப்பாளர் மெரியன் கூப்பர் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லிப் புது இசை எழுத வைத்தார். பொம்மைக் குரங்குக்கு உயிர் வந்ததில் பாதி அந்த இசையால். நம்மூர் ஸ்டுடியோக்காரர்கள் ரீ-ரெக்கார்டிங் என்று சொல்லும் வேலைக்கு அமெரிக்கப் பேசும் படத்தில் இலக்கணம் வகுத்தவர் ஸ்டைனர் என்று சொல்லலாம்.

அந்த வேலையை ஒரு காட்சியில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஜான் ஃபோர்டின் 'தி இன்ஃபார்மர்' (1935) படத்தில் அடைத்து வைத்த அறையில் நீர் சொட்டுகிறது. சொட்டு விழும் கணத்தில் ஸ்வரமும் விழ வேண்டும் என்பது ஸ்டைனரின் பிடிவாதம். நீர் சரியான தாளத்தில் சொட்டுவதற்காகச் செட்டில் ஆட்களோடு வெகுநேரம் மல்லுக்கட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். இதுபோன்ற இடங்களில் கைகொடுத்தது கிளிக் டிராக். படச்சுருளில் சீரான இடைவெளியில் துளை போட்டால், ஒலிக்கருவியில் ஒவ்வொரு துளையும் 'டக்' என்று கேட்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது; 12 ஃபிரேமுக்கு ஒரு துளை என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. கண்டக்டர் காதில் ஹெட்போன் மாட்டி அந்தத் தட்டுக்குக் கை வீசினால், இசை படத்தை விட்டு இம்மியும் நகராது. இதற்காகவே அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. நடக்கிற காலுக்கெல்லாம் தாளம் போடுகிறார், மிக்கி மவுஸ் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்றார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

'காசாபிளாங்கா' (1942) கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'ஆஸ் டைம் கோஸ் பை' 1931-லேயே ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதிய பழைய மேடைப்பாட்டு. ஸ்டைனருக்கு அது பிடிக்கவில்லை, சொந்த மெட்டுப் போட விரும்பினார். அதற்குள் இங்கிரிட் பெர்க்மன் அடுத்த படத்துக்காக முடியை வெட்டிக்கொண்டுவிட்டார். அந்தப் பாட்டு வரும் காட்சியைத் திரும்ப எடுக்க வழியில்லை. வேண்டா வெறுப்பாக எடுத்த மெட்டைப் படம் முழுக்க எத்தனை விதமாகப் பின்னியிருக்கிறார் என்று கேட்டுப் பார்த்தால், நிர்ப்பந்தமும் நல்ல ஆசான் என்று தோன்றும்.

எரிக் வூல்ஃப்காங் கோர்ன்கோல்டின் கதை வேறு மாதிரி. ஐரோப்பாவில் ஓபராக்களால் பெயர் பெற்ற யூதர். 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' (1938) படத்துக்கு இசையமைக்க அழைப்பு வந்து அமெரிக்கா போன சில வாரங்களில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ராபின் ஹூட் தன் உயிரைக் காப்பாற்றினான் என்று கோர்ன்கோல்ட் சொல்வதுண்டு. 1957-இல் அவர் இறந்தபோது கச்சேரி உலகம் அவரை மறந்திருந்தது. சினிமாக்காரர் என்ற முத்திரை, அவ்வளவுதான்.

அறுபதுகளில் நிலைமை இன்னும் மோசம். தயாரிப்பாளர்களுக்கு ரேடியோவில் ஓடும் பாட்டு வேண்டியிருந்தது. 'டோர்ன் கர்ட்டன்' (1966) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய இசையை ஒலிப்பதிவின் நடுவிலேயே நிறுத்தி அவரை அனுப்பிவைத்தார் ஹிட்ச்காக். 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்த அதே ஹிட்ச்காக்கின் மனத்தை வெறும் தந்தி வாத்தியங்களால் மாற்றிக் காட்டியவர் இந்த ஹெர்மன்.

இந்தக் கட்டத்தில்தான் ரசிகர்கள் வருகிறார்கள். ரசிகர் மன்றம் என்றால் நமக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும். 1965-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய மேக்ஸ் ஸ்டைனர் இசைச் சங்கம் வேறு ரகம். ஸ்டைனர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் படைப்புகளைப் பட்டியலிட்டு இதழும் நடத்தியது. இன்னொரு திரையிசையமைப்பாளரான மிக்லோஷ் ரோஸாவுக்கு 1972-இல் ஒரு சங்கம் வந்தது. 'ப்ரோ மூசிகா சானா' என்ற அதன் இதழின் சில கட்டுரைகள் பல்கலைக்கழக ஆய்வுக்கு எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. ரோஸாவின் 'ஜங்கிள் புக்' (1942) இசையை மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு கதை சொல்ல, அன்றே 78 ஆர்.பி.எம். தட்டுகளாக வெளியிட்டிருந்தார்கள். பாட்டுப் படம் அல்லாத ஒன்றின் பின்னணி இசை அமெரிக்காவில் அப்படி வெளிவந்தது அதுவே முதல்முறை என்பார்கள்.

1972-இல் வந்த ஒரு எல்.பி. தட்டு நிலைமையைத் திருப்பியது. ஆர்.சி.ஏ. வெளியிட்ட 'தி சீ ஹாக்': முழுக்கக் கோர்ன்கோல்டின் திரையிசை. கண்டக்டர் சார்ல்ஸ் கெர்ஹார்ட். வாசித்தது நேஷனல் பில்ஹார்மானிக். இடம் லண்டன் கிங்ஸ்வே ஹால். தயாரிப்பாளர் கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ். வசனமும் வாள் சத்தமும் இல்லாமல் அந்த இசையைத் தெளிவான ஸ்டீரியோவில் கேட்டவர்களுக்கு அது சினிமா மிச்சமாகப் படவில்லை. தட்டு நன்றாக விற்றது. ஸ்டைனர், ஹெர்மன், ரோஸா, வேக்ஸ்மன் என்று ஒரு வரிசையே தொடர்ந்தது. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' இசையை ஜான் வில்லியம்ஸ் முழு ஆர்க்கெஸ்ட்ராவில் எழுதியபோது ரசிகர் காது அதற்குத் தயாராக இருந்ததில் இந்தத் தட்டுகளுக்கும் பங்குண்டு.

எல்மர் பெர்ன்ஸ்டைன் செய்ததை இன்னும் உயர்வாக மதிக்கிறேன். தாமே புகழ்பெற்ற இசையமைப்பாளர். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' அவருடையது. 1974 முதல் 1979 வரை, கைக்காசைப் போட்டு, சந்தாதாரர்களுக்குத் தபாலில் அனுப்பும் தட்டு வரிசை ஒன்றை நடத்தினார். கூடவே ஒரு காலாண்டிதழ். ஹிட்ச்காக் தள்ளிவிட்ட 'டோர்ன் கர்ட்டன்' இசையை உலகம் முதலில் கேட்டது அந்த வரிசையில்தான். பணம் திரும்பவில்லை, நிறுத்த வேண்டியதாயிற்று. சக கலைஞனுக்கு இப்படிச் செலவழித்த இன்னொரு இசையமைப்பாளரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

குப்பைக்குப் போன எம்.ஜி.எம். நோட்ஸ் என்னவாயிற்று? பல படங்களுக்கு, கண்டக்டர் பார்த்து நடத்தும் இரண்டு மூன்று வரிச் சுருக்கப் பிரதி மட்டும் தப்பியிருந்தது. எந்த வரியை எந்த வாத்தியம் வாசிக்கிறது என்பதில் பாதி அதில் இராது. இங்கிலாந்துக் கண்டக்டர் ஜான் வில்சன் அந்தச் சுருக்கத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, படத்தின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வசனத்துக்கும் நடனக்காரர் ஷூ சத்தத்துக்கும் அடியில் ஹார்ப் என்ன செய்கிறது, மூன்றாவது டிரம்பெட் எங்கே ஏறுகிறது என்று ஒவ்வொரு நொடியாகக் காதால் தோண்டி எழுதினார். 2009-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் அது ஒலித்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. 'கிங் காங்' உட்படப் பல படங்களுக்கு ஜான் மார்கனும் வில்லியம் ஸ்ட்ராம்பெர்கும் மாஸ்கோ சிம்பனியோடு இதே போன்ற மீட்பு வேலையைச் செய்திருக்கிறார்கள்.

கல்வியாளர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். தத்துவவாதி அடோர்னோவும் இசையமைப்பாளர் ஐஸ்லரும் 1947-லேயே ஹாலிவுட் இசையைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் க்ளாடியா கோர்ப்மனின் 'அன்ஹெர்ட் மெலடீஸ்' வர 1987 ஆயிற்று. டோனி தாமஸ் சாதாரண வாசகருக்காக 'மியூசிக் ஃபார் த மூவீஸ்' எழுதி அதற்குள் 14 ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று ஸ்டைனர் தாள்கள் யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலும், ரோஸாவுடையவை சிரக்யூஸிலும், ஹெர்மனுடையவை சாண்டா பார்பராவிலும் பத்திரமாக இருக்கின்றன.

ரசிகர்கள் மேல் ஒரு குறையும் உண்டு. இசையமைப்பாளரைத் தெய்வமாக்கியவர்கள், பக்கத்தில் நின்றவர்களைப் பார்க்கத் தவறினார்கள். ஸ்டைனரும் கோர்ன்கோல்டும் எழுதிய வரைவுகளைப் பல படங்களில் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தவர் ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபர். ஸ்டைனர் ஓரத்தில் அவருக்கு எழுதிய கிண்டல் குறிப்புகள் இன்றும் ஆய்வாளருக்கு விருந்து. 'காசாபிளாங்கா'வில் பியானோ முன் உட்கார்ந்திருக்கும் டூலி வில்சனுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, அவர் டிரம்மர். கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து வாசித்த கறுப்பினக் கலைஞர் எலியட் கார்பென்டரின் பெயர் படத்தில் இல்லை. ஸ்டுடியோ ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஆயுள் முழுக்க வாசித்தவர்களில் பெரும்பாலோர் பெயரும் திரையில் வந்ததே இல்லை. இந்தத் துறையில் இனி எழுத வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் கெர்ஹார்டின் 'தி சீ ஹாக்' தட்டை முதலில் கேளுங்கள். படத்தை அப்புறம் பாருங்கள். பிடித்திருந்தால் நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்கும் கொடுங்கள்.