வலையில் அடிப்பது வேறு, கற்பது வேறு

மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து, பவுலரின் கையை விட்டு பேட்ஸ்மேனை எட்ட ஏறத்தாழ அரை நொடிதான் ஆகும். கண்ணில் பட்ட ஒரு மாற்றத்துக்கு ஏற்ப மட்டையின் போக்கைத் திருத்தவே இதில் 0.2 நொடி போய்விடுகிறது. பிரிட்டன் உளவியலாளர் பீட்டர் மெக்லியாட் 1987-ல் இதை அளந்தபோது, தேர்ந்த தொழில்முறை பேட்ஸ்மேன்களுக்கும் அந்த 0.2 நொடி குறையவில்லை. ஆய்வகத்துக்கு வரும் சாதாரண மனிதர்களின் வேகம்தான் அவர்களுக்கும். நல்ல பேட்ஸ்மேனைச் சாதாரண ஆட்டக்காரரிடமிருந்து பிரிப்பது அனிச்சை வேகம் அல்ல, முன்கணிப்பு.

இதே மெக்லியாட், மைக்கேல் லேண்ட் என்பவருடன் சேர்ந்து 2000-ல் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார். பேட்ஸ்மேனின் கண் பந்தை வழி முழுக்கத் தொடர்வதில்லை. பந்து வெளிப்படும் கணத்தைப் பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. திறமை கூடக் கூட அந்தத் தாவல் சீக்கிரமே நடக்கிறது. பிறவியில் வராத இந்தக் கணிப்பு ஆயிரக்கணக்கான பந்துகளில் கற்றது. அது சேமிக்கப்படும் இடம் மூளை.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967-ல் இந்தக் கற்றலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்யும் நிலை. பிறகு பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணையும் நிலை. கடைசியில் யோசனையே தேவைப்படாத தானியங்கி நிலை. கட்டம் மாறும்போது மூளைக்குள் வேலை செய்யும் பகுதிகளும் மாறுகின்றன. தொடக்கத்தில் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி கடுமையாக உழைக்கிறது. பழகப் பழகப் பொறுப்பு சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவுக்கும், அசைவுகளை இயக்கும் புறணிக்கும் போய்ச் சேர்கிறது.

பிழையைத் திருத்துவது முக்கியமாகச் சிறுமூளையின் வேலை. ஓர் அசைவு எப்படி முடியும் என்று அது முன்பே ஊகிக்கிறது. நடந்தது வேறாக இருந்தால் அந்த வித்தியாசம் ஒரு பிழைச் சமிக்ஞையாக வந்து, பர்கிஞ்சி செல்கள் எனப்படும் நரம்பணுக்களின் இணைப்பு வலிமையை மாற்றுகிறது. டேவிட் மார் 1969-லும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-லும் கோட்பாடாகச் சொன்ன இதற்கு, ஜப்பானின் மசாவோ இட்டோ 1980-களில் சோதனை ஆதாரம் தந்தார். பிழை என்பது கற்றலுக்குத் தடையில்லை, அதன் மூலப்பொருள். பேசல் கேங்லியா, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் துணையோடு பலன் தந்த அசைவுகளைத் தேர்ந்து, தனித்தனி அசைவுகளை ஒரே தொகுப்பாகக் கட்டுகிறது. பார்க்கின்சன் நோயில் இந்தப் பகுதி பழுதாவதால்தான், நடப்பது போன்ற பழகிய காரியத்தைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியதாகிறது.

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறைக்கும் இதில் பங்கு உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2014-ல் எலிகளில் புதிய மயலின் உருவாவதைத் தடுத்துப் பார்த்தார்கள். கம்பிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் அமைந்த சக்கரத்தில் ஓட அந்த எலிகளால் சரியாகக் கற்க முடியவில்லை. ஆனால் முன்பே கற்றிருந்த எலிகள் தடையின்றி ஓடின. கற்பதற்கு வேண்டியதும் கற்றதை வெளிப்படுத்த வேண்டியதும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

அசைவின் நினைவு மற்ற நினைவுகளிலிருந்து தனியானது என்று காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற நோயாளி. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருக்கு நடந்த அறுவையில் மூளையின் இருபக்க ஹிப்போகேம்பஸும் பெருமளவு அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் நிற்கவில்லை. கனடாவின் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவின் விளிம்பில் கோடு வரைய வேண்டும். மூன்று நாளில் அவருடைய கை தேறிவிட்டது. அந்தக் காகிதத்தை முன்பு பார்த்த நினைவே அவருக்கு இல்லை. எப்படிச் செய்கிறோம் என்று சொல்லத் தெரியாத சாம்பியன்கள் பலர் இருப்பதற்கும், மிகச் சிறந்த ஆட்டக்காரர் சுமாரான பயிற்சியாளராகிவிடுவதற்கும் இந்தப் பிரிவினை ஒரு காரணமாகலாம்.

பயிற்சி முடிந்த பிறகும் வேலை நிற்பதில்லை. விரலால் ஒரு வரிசையில் தட்டும் பயிற்சியில், ஓர் இரவு தூக்கத்துக்குப் பின் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியதாக 2002-ல் மேத்யூ வாக்கர் குழு தெரிவித்தது. அந்த உயர்வில் ஒரு பங்கு களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. தூக்கம் திறனை வளர்க்கிறதா அல்லது காக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஒருமுறை பதிந்த தொடர் அசைவு எளிதில் அழியாது. சைக்கிளும் நீச்சலும் மறக்காது என்று ஊரில் சொல்வது சரிதான். விமானம் ஓட்டுவதை ஒத்த ஒரு பயிற்சியில் 24 மாத இடைவெளிக்குப் பிறகும் இழப்பு மிகக் குறைவு என்று 1962-ல் ஃபிளீஷ்மனும் பார்க்கரும் கண்டார்கள். படிப்படியாக வரிசை மாறாமல் செய்யும் காரியங்களுக்கு அந்த ஆயுள் இல்லை. இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவிப் பயிற்சி சில மாதங்களிலேயே தேய்கிறது. காயத்திலிருந்து திரும்பும் பேட்ஸ்மேன் கவர் டிரைவை மறந்திருக்க மாட்டார். தொலைந்தது டைமிங்தான், அது கற்றதைவிட வெகு விரைவில் மீளும். முதல் வாரத்து ஸ்கோரை வைத்து அவரைக் கழித்துவிடுவது அவசர முடிவு.

பதிந்த திறனும் சில வேளை கைவிடுகிறது. சியான் பைலாக்கும் சக ஆய்வாளர்களும் 2002-ல் கால்பந்து ஆட்டக்காரர்களைப் பந்தைக் காலால் உருட்டிச் செல்லச் சொல்லி, பந்து பாதத்தின் எந்தப் பக்கம் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். தேர்ந்தவர்களின் வலது கால் தடுமாறியது. புதியவர்களுக்கு அப்படிக் கவனிப்பது நன்மையே செய்தது. தேர்ந்தவர்களின் பழகாத இடது காலுக்கும் அதே நன்மைதான். தானாக ஓடும் ஒன்றை நெருக்கடியில் யோசித்து நடத்தத் தொடங்கினால் அது பழைய கட்டத்துக்கே விழுகிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் இளம் பேஸ்பால் பவுலர் ரிக் ஆன்கீல், 2000 அக்டோபரில் ஒரு பிளே ஆஃப் ஆட்டத்தின் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்சருக்கு எட்டாமல் வீசினார். பிறகு பழைய துல்லியம் திரும்பவே இல்லை. 2007-ல் அவர் அவுட்ஃபீல்டராக மறுபடி வந்து, எல்லைக் கோட்டருகிலிருந்து நீண்ட தூரம் குறிதவறாமல் எறிந்தார். கெட்டது கை அல்ல, அந்தக் கை செய்த ஒரு குறிப்பிட்ட வேலை.

இதிலெல்லாம் பயிற்சி முறைக்கு என்ன பாடம்? நம் பயிற்சி மையங்களில் பரவலாக இருப்பது ஒரே பந்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு ஒரே ஷாட்டை அடிக்க வைப்பது. பார்க்க அழகாக இருக்கும். அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து 1994-ல் ஒரு சோதனை நடந்தது. வாரம் இருமுறை, ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் கூடுதலாக 45 பந்துகள். ஒரு குழுவுக்கு 15 வேகப்பந்து, 15 வளைபந்து, 15 மெதுபந்து என வகைவாரியாக வந்தன. இன்னொரு குழுவுக்கு அதே 45-ம் கலந்து வந்தன. கலந்து ஆடியவர்கள் பயிற்சியில் திணறினார்கள். கடைசியில் கலவையாக வைத்த தேர்வில் அவர்கள் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள், வரிசைக் குழு 25 சதவீதம். ஒரே ஷாட் தொடரும்போது முந்தைய திட்டம் மூளையில் அப்படியே இருப்பதால் அதை மீண்டும் அடித்தால் போதும். கலந்து வந்தால் ஒவ்வொரு பந்துக்கும் திட்டத்தைப் புதிதாகத் தேடி எடுக்க வேண்டும். ஆட்டத்தில் தேவைப்படுவது அந்தத் தேடல்தான்.

ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் இருவரும் 1978-ல் செய்த சோதனை இன்னும் வியப்பானது. மூன்று அடி தூர இலக்குக்கே எறிந்து பழகிய எட்டு வயதுச் சிறுவர்களை, இரண்டடிக்கும் நான்கடிக்கும் மாறி மாறி எறிந்த சிறுவர்கள் அந்த மூன்றடி இலக்கிலேயே தோற்கடித்தார்கள். டான் பிராட்மேன் சிறுவயதில் பௌரலில் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, கண்ட திசையில் துள்ளி வரும் அதை ஸ்டம்ப்பால் அடித்துப் பழகியது இந்த ஆய்வுகள் எதற்கும் முன்பு.

கலந்து பழகுவதற்கும் ஒரு வரம்பு உண்டு. மட்டையைச் சரியாகப் பிடிக்கவே தெரியாதவருக்குக் கலவைப் பயிற்சி குழப்பத்தையே தரும். ஆய்வகத்தில் கிடைக்கும் பலன் மைதானத்தில் எப்போதும் அதே அளவு கிடைப்பதுமில்லை. பௌலிங் மெஷினும் தனிப் பிரச்சினை. மெஷினுக்கு ஆடும்போது பேட்ஸ்மேனின் காலடி நீளமும் மட்டை தூக்கும் நேரமும் மாறுவதாக இளம் கிரிக்கெட்டர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. முன்கணிப்புக்கு உதவும் பவுலரின் கையும் தோளும் அங்கே இல்லை. அந்த அடிப்படைக் குறை மெஷினின் வேகத்தைக் கூட்டுவதால் தீராது.

பயிற்சி நேரத்தைப் பங்கிடும் விதமும் முக்கியம். பிரிட்டன் தபால் துறை ஊழியர்களுக்குக் கடிதங்களை வகை பிரிக்கும் விசைப்பலகைப் பயிற்சி தந்தபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் தேர்ந்தார்கள். அலன் பேடலியும் லாங்மனும் 1978-ல் வெளியிட்ட இந்த ஆய்வில், ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சி பற்றி மிகவும் அதிருப்தியாக இருந்தவர்கள். கற்பவரின் திருப்தி கற்றலின் அளவுகோல் அல்ல. பணம் கட்டிப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் அன்றைய வலையில் எத்தனை பந்து மட்டையின் நடுவில் பட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், வகைகளைக் கலந்து இரண்டு ஓவர் வீசச் சொல்லிப் பாருங்கள்.