ரெண்டு நாட்டில் கிடக்கும் ஒரு உடம்பு

கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தில் விளக்குகள் சட்டென்று அணைகின்றன. மீண்டும் எரியும்போது, டென்மார்க்கும் ஸ்வீடனும் பிரியும் கோட்டின் மேல் ஒரு சடலம். தூக்கும்போதுதான் தெரிகிறது, மேல்பாதி ஸ்வீடன் அரசியல்வாதி ஒருவருடையது, கீழ்ப்பாதி டென்மார்க்கைச் சேர்ந்த வேறொரு பெண்ணுடையது. 2011இல் வந்த 'தி பிரிட்ஜ்' தொடர் இப்படித் தொடங்குகிறது. எல்லோரும் பேசுவது இந்தக் காட்சியைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்தது.

இதய நோயாளியோடு ஒரு ஆம்புலன்ஸ் பாலத்தைக் கடக்க வேண்டும். தடயம் கெடும், விட முடியாது என்கிறாள் ஸ்வீடன் போலீஸ் சாகா. டேனிஷ் போலீஸ் மார்ட்டின் விட்டுவிடுகிறான். சாகா அவன்மேல் புகார் எழுதுகிறாள். ரெண்டு பேரில் யார் சொல்வது செல்லும்? இருவருக்கும் மேலே பொதுவாக ஒருத்தரும் இல்லை.

அந்தப் பிரதேசத்தின் கதையே இதுதான். 1993லேயே இருகரை அரசியல்வாதிகளும் சேர்ந்து ஓரசுண்ட் கமிட்டி அமைத்துவிட்டார்கள். பாலம் 2000இல் திறந்தது. வீடு மலிவான மால்மோவில் குடியிருந்து, சம்பளம் அதிகமான கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் கூட்டம் உருவானது. சரி, இவர்கள் வரியை எங்கே கட்டுவது? அதற்கு 2003இல் ஒப்பந்தம் போட்டவை இரண்டு தேசிய அரசுகள். கமிட்டி பேசலாம், வலியுறுத்தலாம், சட்டம் போட முடியாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சிஸ்டம் ஒன்று, அட்மின் ரெண்டு பேர்.

தொடர் இந்த வெற்றிடத்தை நட்பால் நிரப்புகிறது. விதியே வேதம் என்றிருக்கும் சாகாவும், விதியை வளைக்கும் மார்ட்டினும் மெல்லப் பழகிக்கொள்வதுதான் அதன் அழகு. என் மனக்குறையும் அங்கேதான். தினமும் ரயிலில் கடக்கிறவர்கள் இதில் கண்ணிலேயே படுவதில்லை. ஏதோ ரெண்டு நல்ல போலீஸ்காரர்கள் கிடைத்தால் எல்லை கரைந்துவிடும் என்பது போல ஒரு நினைப்பு.

கரையவில்லை. அகதிகள் வருகையைக் காரணம் காட்டி, 2016 ஜனவரி 4 முதல் ஸ்வீடனுக்குள் வரும் பயணிகளின் அடையாள அட்டையைப் போக்குவரத்து நிறுவனங்களே சோதிக்க வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் உத்தரவிட்டது. கோபன்ஹேகனிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் கஸ்ட்ரூப் விமான நிலைய ஸ்டேஷனில் இறங்கி, அட்டையைக் காட்டி, வேறு ரயில் ஏறினார்கள். 2017 மே வரை இதுதான் நிலைமை. பாலம் அப்படியேதான் இருந்தது. தடுக்கிற அதிகாரம் மட்டும் இருகரையிலும் யாரிடமும் இல்லை.

ஆனால் தொடர் தன்னையறியாமல் இதையும் சொல்லிவிடுகிறது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாம் சீசனின் முடிவில் (பார்க்காதவர்கள் மன்னிக்கவும்), தன் மகனைக் கொன்ற கைதியை மார்ட்டின் கொன்றிருப்பான் என்று சந்தேகித்து அவனைப் பிடித்துக்கொடுப்பது சாகாதான். முதல் எபிசோடில் எழுதிய அதே புகார், இந்த முறை அழுதுகொண்டு. பத்து வருஷப் பழக்கமாக இருந்தாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள். நட்பு இருந்தது, நட்பின் பேரில் முடிவெடுக்க ஒரு இடம்தான் இல்லை.