பத்தே நாள்!

சிவில் கேஸ் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது வாய்தா. தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கில் பேரன் சாட்சி சொல்லுவான். அதே கோர்ட்டில் சாட்சிக் கூண்டையே பார்க்காமல் முடிந்துபோகிற வழக்குகளும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37 அதற்கான குறுக்குவழி. வக்கீல்கள் பாஷையில் 'சம்மரி சூட்'.

புரோநோட்டு, ஹூண்டி, எழுத்துபூர்வமான ஒப்பந்தப்படி வரவேண்டிய தொகை... இதற்கெல்லாம் இந்த வழியில் போகலாம். சம்மன் கைக்கு வந்த பத்து நாளுக்குள் பிரதிவாதி ஆஜராகிப் பதிவு செய்ய வேண்டும். தவறினால், வாதி சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. டிகிரி ரெடி! ஆஜரானாலும் உடனே வாதாட முடியாது. இரண்டாவதாக ஒரு சம்மன் வரும். அதிலிருந்து இன்னொரு பத்து நாளுக்குள், 'என் தரப்பைச் சொல்ல அனுமதியுங்கள்' என்று மனுப் போடவேண்டும். அனுமதி கிடைத்தால்தான் வழக்கமான விசாரணை.

வியாபாரத்துக்கு இது தேவைதான். கையெழுத்துப் போட்டுச் சரக்கு எடுத்தவன் பத்து வருஷம் இழுத்தடித்தால் எவன் கடன் கொடுப்பான்? மாற்றுச் சீட்டுகளுக்காக 1855-லேயே இங்கிலாந்தில் இப்படி ஒரு சட்டம் போட்டார்கள்.

சிக்கல், நம்மூர் புரோநோட்டில் இருக்கிறது. பி.காம். படித்தவர்கள் 1881-ம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தை அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டோம். அதன் 20-வது பிரிவு: ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் அதை நிரப்பிக்கொள்ளலாம், ஸ்டாம்ப் தாங்குகிற தொகை வரை. டிமாண்ட் புரோநோட்டில் ஆயிரத்துக்கு மேல் எத்தனை லட்சமானாலும் ஸ்டாம்ப் கட்டணம் 25 காசு. நாம் ஒட்டுவதோ ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்! 118-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே. பணம் கைமாறியது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது கையெழுத்துப் போட்டவர் பாடு.

மகள் கல்யாணத்துக்கு 50 ஆயிரம் வாங்கிக்கொண்டு, வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். மாசா மாசம் வட்டியைக் கையில் கொடுத்தார், ரசீது கிடையாது. ஒருநாள் நோட்டில் 5 லட்சம் ஏறி, சம்மன் வருகிறது. 'இந்த 5 லட்சம் உனக்கு ஏதய்யா? எந்தக் கணக்கிலிருந்து எடுத்தே?' என்று எதிராளியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அவருக்கிருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். சம்மரி சூட்டில் அது, அனுமதி கிடைத்த பிறகுதான்.

அனுமதியை எப்படிக் கொடுப்பது? 1976-ல் மெக்கலெக் இன்ஜினீயர்ஸ் வழக்கில் வகை பிரித்துச் சொன்னது சுப்ரீம் கோர்ட். உப்புச்சப்பில்லாத எதிர்வாதத்துக்கு அதில் 'மூன்ஷைன்' என்று பெயர். நிலா பாவம்! 2016-ல் ஹப்டவுன் வழக்கில் அந்த விதிகளைத் திருத்தினார்கள். எதிர்வாதத்தில் சாரம் இருந்தால் நிபந்தனை இல்லாமல் அனுமதி. நம்பும்படியாக இருந்தும், நடந்திருக்க வாய்ப்பு குறைவு என்று நீதிபதிக்குப் பட்டால், முழுத் தொகையையும் வட்டியோடு கட்டச் சொல்லலாம். கையில் காசில்லாமல் கடன் வாங்கினவர், தன் கதையைச் சொல்லவே 5 லட்சம் புரட்ட வேண்டும். என்ன நியாயம் சார் இது?

பத்து நாளைத் தவறவிட்டால், தாமதத்தை மன்னிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. டிகிரியே ஆகிவிட்டால் கஷ்டம். 'வர முடியலை' என்பது மட்டும் போதாது, வந்திருந்தால் சொல்லத் தகுந்த எதிர்வாதம் இருந்தது என்றும் காட்ட வேண்டும் என்று 2003-ல் சொல்லிவிட்டது சுப்ரீம் கோர்ட்.

சாதாரண சிவில் வழக்கில் பதிலுரை போட 30 நாள்; 90 வரை நீட்டலாம். கம்பெனிகள் மோதுகிற வணிக நீதிமன்றங்களுக்கென்று 2015-ல் தனியாக ஒரு சுருக்கத் தீர்ப்பு முறை கொண்டுவந்தார்களே, அதில்கூட விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் தரவேண்டும். வக்கீல் படையோடு வருகிற கம்பெனிக்கு முப்பது. நோட்டில் கையெழுத்துப் போட்டவருக்குப் பத்து! ஒரு வரித் திருத்தத்தில் இதைச் சரிசெய்துவிடலாம்.

அதுவரை, பணம் சம்பந்தமாக சம்மன் வந்தால் முதலில் 'ஆர்டர் 37' என்று இருக்கிறதா பாருங்கள். வழக்கு மனுவில் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். இருந்தால், அன்றைக்கே வக்கீல் வீட்டுக்கு ஆட்டோ பிடியுங்கள்.