கரகக் கதையும் சம்பங்கி ஏரியும்: பெங்களூர்த் திகளர் மரபை முன்வைத்து ஒரு திறனாய்வு

கதையும் கலையும் மனிதரை இயற்கையோடு மீண்டும் இணைக்கவல்லன என்னும் கருத்து அண்மைக்காலச் சூழலியல் திறனாய்வில் பெரிதும் வலியுறுத்தப்படுகிறது. முதல், கரு, உரி எனப் பாடுபொருளை நிலத்தோடு பிணைத்துக் கண்ட தமிழ் மரபுக்கு இக்கருத்துப் புதிதன்று. ஆயினும் எத்தகைய கதை இணைக்கிறது, எந்த அளவுக்கு இணைக்கிறது என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்பெறவில்லை. பெங்களூர் மாநகரின் திகளர்பேட்டைத் தர்மராயர் கோயிலில் ஆண்டுதோறும் சைத்திர மாத முழுநிலவையொட்டி நிகழும் கரக விழாவைக் கொண்டு அவ்வினாக்களை இக்கட்டுரை அணுகுகிறது.

திகளர் என்னும் சொல் கன்னட நாட்டில் தமிழரைப் பொதுவாகச் சுட்டி வழங்கியதாகும். இங்கு அது வன்னிகுல சத்திரியர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் தோட்டக்காரச் சமூகத்தைக் குறிக்கும். கன்னடமும் தெலுங்கும் விரவிய தமிழ்க் கிளைமொழி இவர்தம் வீட்டு வழக்கு. ஏரி நீரை நம்பிப் பூவும் காயும் கீரையும் பயிரிட்டு நகருக்கு அளித்தவர்கள் இவர்கள். லால்பாக் தோட்டத்தின் வளர்ச்சியிலும் இவர்களுக்குப் பங்குண்டு.

இவர்கள் கூறும் திரௌபதி கதை நோக்கத்தக்கது. வில்லிபுத்தூரார் போரின் முடிவோடு தம் நூலை நிறுத்திக்கொண்டார். திகளர் கதையோ அதற்கும் அப்பால் தொடங்குகிறது. பாண்டவரின் இறுதிப் பயணத்தில் திரௌபதி தளர்ந்து வீழ்கிறாள். கணவர் அதனை அறியாது முன்செல்கின்றனர். தனித்து விடப்பட்ட அவளைத் திமிராசுரன் எதிர்ப்பட, அவள் ஆதிசக்தி வடிவெடுத்துத் தன்னினின்று வீரகுமாரரைத் தோற்றுவித்து அவனை அழிக்கிறாள். பிரிய மனமில்லாத வீரகுமாரருக்கு ஆண்டுக்கொரு முறை மீண்டு வருவதாக வாக்களிக்கிறாள். வியாச பாரதத்தில் வீழ்ச்சியாக முடிவது இங்கு மீட்சிக்குத் தொடக்கமாகிறது. அறுவடைக்குப் பின் வெறுமையாகிய பாத்தியில் மீண்டும் விதைப்பவர்கள் கதையை இவ்வாறு வளர்த்தெடுத்தது இயல்பே எனத் தோன்றுகிறது.

இக்கதையுள் ஏரியைக் காக்குமாறு அறிவுறுத்தும் கூறு எதுவுமில்லை. ஏரி கதைக்குள் இல்லை, சடங்கினுள் இருக்கிறது. முழுநிலவுக்கு முன்னர் நிகழும் 'ஹசி கரகம்' சம்பங்கி ஏரியை இடமாகக் கொண்டது. ஹசி என்பதற்குப் பச்சை, ஈரமானது என்பது பொருள். ஏரி மண்ணால் வனைந்து சுடாத கலமே கரகமாதல் மரபு. சுட்ட கலம் எங்கிருந்தும் வரலாம். ஈர மண்ணுக்கோ நீருள்ள படுகை வேண்டும். பெண்கோலம் பூண்ட பூசாரி மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் தொடாது தலையில் தாங்கி நகரை வலம் வருகையில் வீரகுமாரர் வாளேந்திச் சூழ்ந்து செல்வர். வட தமிழகத் திரௌபதியம்மன் கோயில்களில் பதினெட்டாம் போரன்று துரியோதனன் உருவைத் தரையில் மண்ணால் பரப்புவதும் இங்கு ஒப்பிடத்தக்கது. அங்குக் கிடக்கும் மண் பகைவன். இங்கு எழுந்து நடக்கும் மண் தெய்வம். இவ்வேறுபாடு தனி ஆய்வுக்குரியது.

இனி, ஏரியின் நிலை யாது? 1890களின் நடுவில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தபின் நகருக்குச் சம்பங்கி ஏரியின் தேவை குறைந்தது. ஏரி நீரைக் காக்கத் தோட்டக்காரர்கள் அரசுக்கு விண்ணப்பித்த செய்தியை ஹிதா உன்னிகிருஷ்ணன், ஹரிணி நாகேந்திரா முதலியோரின் ஆய்வுகள் வெளிக்கொணர்ந்துள்ளன. விண்ணப்பங்கள் பயன் தரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஏரிப் படுகை விளையாட்டரங்கமாயிற்று. இன்றைய கண்டீரவா அரங்கம் அங்குத்தான் உள்ளது. சடங்கிற்காக ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது.

கரகத்தைப் போற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்தைக் கடந்துசென்றுவிடுகின்றனர். ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் 2001இல் வெளியிட்ட நூலில் கரக ஊர்வலம் நகரின் மறைந்த நீர்நிலைகளையும் தோட்டங்களையும் நினைவில் நிறுத்துவதை விரிவாக நிறுவினார். அது ஏற்கத்தக்கதே. ஆனால் நினைவில் நிற்பதும் நிலத்தில் நிற்பதும் ஒன்றல்ல. சடங்கு கேட்டது ஒரு கலத்துக்கு வேண்டிய மண். நகரம் ஒரு கலத்துக்கு வேண்டிய அளவே ஏரியை விட்டுவைத்தது. தர்மாம்புதி ஏரிக்கு அத்தகைய கலமும் இல்லாமற்போகவே அது முழுமையாகப் பேருந்து நிலையமாயிற்று எனக் கருத இடமுண்டு. மரபுக் கலையைச் சூழல் காப்புக் கருவியாக மிகைப்படக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத் தொழில் இருந்தவரை ஏரிக்குப் பல்லாயிரம் பாத்திகளின் தேவை இருந்தது. தொழில் நீங்கியபின் சடங்கு தனித்து நின்றது. முதற்பொருள் அகன்றபின் உரிப்பொருள் மட்டும் நிற்கும் திணை என இதனைக் கூறலாம்.

இதற்கு மறுதலையாக, 2014இல் பெங்களூர்க் குடிமக்கள் தொடங்கிய 'நெரளு' என்னும் மர விழாவை வைத்துக் காணலாம். (நெரளு நம் நிழலே, பெயரைக் கேட்ட அளவில் தமிழ்ச் செவி அதனை உணர்ந்துகொள்ளும்.) மரத்தடிகளில் நடந்தவாறே கதை கூறலும் ஓவியமும் இசையும் அதில் இடம்பெற்றன. மரத்தைப் பற்றிய கதையை மரத்தின் கீழேயே கூறுவது சிறந்த முறை. மரம் வெட்டப்படின் கதைக்கும் இடமில்லை. இவ்வகையில் அது ஹசி கரகத்துக்கு நெருங்கியது. எனினும் விழாவுக்கு வருவோரின் அன்றாட வாழ்வு அம்மரத்தைச் சார்ந்திருப்பதில்லை. மரத்தடியில் பூக்கட்டுபவரும் செருப்புத் தைப்பவரும் தத்தம் மரத்தைப் பற்றிக் கூறக்கூடிய கதைகள் இத்தகைய விழாக்களின் நடுவிடத்துக்கு வருதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பாண்டியன் நெடுஞ்செழியனை நீர்நிலை அமைக்குமாறு குடபுலவியனார் வலியுறுத்தும் புறநானூற்று 18ஆம் பாட்டு, புகழையும் உணவையும் நீரையும் ஒரே கோவையில் வைக்கிறது. அங்கே பாட்டைக் கேட்பவனிடம் ஏரி வெட்டும் ஆற்றல் இருந்தது. கரகத்தைக் காணத் திரளும் கூட்டத்திடம் அவ்வாற்றல் இல்லை. விண்ணப்பித்த தோட்டக்காரரிடமும் இருக்கவில்லை.

திகளர் முதியோர் நினைவில் கிணறு, வாய்க்கால், மதகு, பாத்தி ஆகியவற்றுக்கு வழங்கிய சொற்களும் இடப்பெயர்களும் அவர்தம் கிளைமொழியிலேயே தொகுக்கப்பெறுதல் வேண்டும். கரகப் பாடல்களுக்கும் சடங்குகளுக்கும் தரப்படும் கவனம் இச்சொற்களுக்கும் தரப்படின், சம்பங்கி ஏரி நீர் எந்தெந்தத் தோட்டத்துக்கு எவ்வழியே பாய்ந்தது என்பதையேனும் வரைந்து காட்ட இயலும்.