ராஜாவின் கால்

'ராஜா தேசிங்கு' என்று எழுதிப் பாருங்கள். முதலில் ர, பக்கத்திலேயே கால். இரண்டையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சின்னச் சாய்கோடுதான். தமிழில் ஓர் அலங்கார எழுத்துரு தேறுமா தேறாதா என்பதை இந்த ஒரு சொல்லிலேயே பார்த்துவிடலாம்.

ஆங்கில எழுத்துகளின் நுனியில் ஒட்டியிருக்கும் சிறு பாதத்தை செரிஃப் என்பார்கள். ரோமானியக் கல்வெட்டுகளிலேயே அது உண்டு. கி.பி. 113-இல் எழுந்த டிராஜன் தூணின் எழுத்துகளைப் பார்த்து வரையப்பட்ட எழுத்துரு ஹாலிவுட் போஸ்டர்களில் சலிக்கச் சலிக்க வந்தாயிற்று. பழமை, கம்பீரம், ராஜகளை எல்லாம் வேண்டுமென்றால் செரிஃப். அந்த ஆசை தமிழுக்கும் வந்ததில் தப்பில்லை. ஆனால் அங்கே பாதத்தை வைத்தாலும் எடுத்தாலும் எழுத்து அதேதான். இங்கே காலுக்கு அடியில் பாதம் வைத்தால் அது ரகரமாகிவிடும். ராஜா 'ரரஜர' ஆகிவிடுவார்.

ஓலைச்சுவடியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பாட்டு தெரிந்தவர் படித்தார், அதனால் சமாளித்தார். இன்று காலுக்கு வேலை இன்னும் அதிகம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னா மூன்றும் தனி வடிவம் இழந்து காலை நம்பி நிற்கின்றன. அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர்., 1960-இல் 'ராஜா தேசிங்கு' படத்தில் தேசிங்காக நடித்தவர் என்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு, கதைப்பாடலாகச் சனங்களிடம் போனது மலிவான 'பெரிய எழுத்து' புத்தகங்கள் வழியாகவும்தான். எழுத்தின் அளவையே தலைப்பில் போட்டு விற்ற புத்தகங்கள் அவை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும், சுற்றி உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு உரக்க வாசிக்கிறவருக்கும் அது செய்த மரியாதை. இலக்கிய விமர்சனம் கதையைப் பேசியது. இந்த மரியாதையைப் பேசவில்லை.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனி பலகை, போஸ்டர், புத்தக அட்டை என்று ராஜகளை தேடும் எழுத்துகள் நிறைய வரும். வரட்டும். அலங்காரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 'செஞ்சி' என்ற சொல்லையே பாருங்கள்: கொம்பின் சுழி, ஞகரத்தின் வளைவு, சிகரத்தின் கொக்கி. விளையாட இடமா இல்லை? தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிமாறி வந்தாலே பாதி கம்பீரம் கிடைத்துவிடும். காலை மட்டும் வெறுங்காலாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இந்த எழுத்துருக்கள் தலைப்போடு நிற்க வேண்டும். கோட்டை வரலாற்றைச் சொல்லும் பத்தியை அதில் அடித்தால், வெயிலில் மூச்சு வாங்க நிற்கும் ஆள் இரண்டாம் வரிக்கு வரமாட்டார். அவருக்கு வேண்டியது பெரிய, தெளிவான எழுத்து. அதைக் குஜிலிக் கடைப் புத்தகம் எப்போதோ கொடுத்துவிட்டது.