'இறந்த' என்னும் பெயரெச்சம்

சொற்கள் காலந்தோறும் பொருள் மாறும் இயல்பின. அம்மாற்றத்தை நோக்காது பழைய நூல்களைப் பயில்வோர், புலவர் கருதாத பொருளை அவர்மேல் ஏற்றிவிடுகின்றனர். இதற்குத் தக்க சான்று 'இறந்த' என்னும் பெயரெச்சமாகும். இன்று இச்சொல்லைக் கேட்ட அளவிலே சாவென்னும் பொருளே எவர்க்கும் தோன்றும். பாடக்குறிப்பு எழுதுவோர் சிலரும் அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவாம்.

'இறத்தல்' என்பதன் பழம்பொருள் கடத்தல் என்பதாம். தொல்காப்பியர் முக்காலத்தையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வகுத்தார். நன்னூலாரும் அவர் வழியே சென்றார். ஆகவே 'இறந்தகாலம்' என்பது செத்துப்போன காலமன்று. நம்மைக் கடந்து சென்ற காலமேயாம். பாலைத்திணைச் செய்யுட்களிலே சுரம் இறந்த தலைவனைப் பற்றிப் படிக்கும் மாணவன், அவன் மாண்டான் என்று கொள்வானாயின் செய்யுளே பாழாகும். தலைவன் சுரத்தைக் கடந்தான். தலைவியோ அவன் வரவை நோக்கியிருக்கிறாள். பிரிவைக் கூறும் பாட்டு அவன் பிழையால் இரங்கற்பாவாகிவிடும்.

கடத்தற்பொருள் நெறியோடு சாருமிடத்து வரம்புமீறல் என விரியும். திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தின் இறுதிக் குறள் 'இறந்தார்' என்னும் சொல்லை இருமுறை ஆள்கின்றது. முன்னையதற்குச் சினத்தில் மிக்கவர் என்றும், பின்னையதற்குச் செத்தவர் என்றும் பரிமேலழகர் பொருள் கண்டார். எனவே சாவென்னும் பொருளும் பிற்காலத்தார் புதிதாய்ப் புனைந்ததன்று. இரண்டும் அக்காலத்திலேயே அருகருகே வழங்கின என்பது தெளிவு.

அங்ஙனமாயின் இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு? பெயரெச்சம் காலம் காட்டுமேயன்றித் திணை, பால் காட்டாது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனுள் ஒன்றைக் கொண்டு அது முடியும். 'அவர் இறந்த காடு' என்னும் தொடரில் காடு செய்பொருளாயின், அவர் கடந்த காடு என்றாகும். நிலமாயின், அவர் மாண்ட காடு என்றாகும். எனவே முடிக்கும் பெயர் வினையோடு கொண்ட உறவையும், இடத்தையும் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

இவ்வியல்பு தமிழுக்கே உரியதன்று. ஸ்பானிய மொழியில் 'பசார்' என்னும் வினைக்குக் கடத்தல் என்பது பொருள். அதன் இறந்தகால எச்சமாகிய 'பசாதோ' பெயரடையாய் நின்று கடந்த ஆண்டைச் சுட்டும். தனித்து நின்று கடந்தகாலத்தையே குறிக்கும். பழத்தோடு சேருமிடத்துப் 'பசாதா' எனப் பெண்பால் ஈறு பெற்று, பதங்கடந்து அளிந்தது என்னும் பொருள் தரும். அம்மொழியாரும் நம்மைப்போலவே காலத்தைக் கடந்து செல்வதொன்றாகக் கண்டனர் போலும்.

மாத்தளையில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் இலக்கணப் பயிற்சியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து இம்மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். அவ்வழியை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனியொன்றும் நிகழ்ந்தது. 'அவர்கள் இறந்த காடு' என்று அவ்வழியைக் குறிப்போமாயின் இருபொருளும் மெய்யாகும். மாண்டதை மட்டுங் கொண்டால், கடந்து வந்து இம்மலைகளைத் திருத்தியவர் மறைவர். கடந்ததை மட்டுங் கொண்டால், வழியில் வீழ்ந்தவர் மறைவர்.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே எழுதி மாணவரை நெட்டுருச் செய்வித்தல் எளிது. ஆயினும் அதனால் செய்யுளும் வரலாறும் ஒருங்கே குறைபடும். சொல்லின் பழம்பொருளையும் வழக்குப்பொருளையும் சேர்த்துக் கற்பித்தலே ஆசிரியர் கடனாம்.