வினைமுதல் மறைந்த வாக்கியங்கள்

உயர்தர வகுப்பில் வணிகம் பயிலும் மாணவர் ஒருவர், அண்மையில் முகாமைத்துவக் கையேடொன்றை நம்மிடம் கொண்டுவந்தார். தரம், நிலைபேறு, வழங்கற் சங்கிலி ஆகிய மூன்றையும் சீர்செய்தால் எத்தொழிலும் முன்னேறும் என்பது அதன் சாரம். அச்சொற்களுக்கு எளிய தமிழில் பொருள் கூறவேண்டும் என்பது மாணவரின் வேண்டுகோள். பொருள் கூறுதல் கடினமாயிருக்கவில்லை. நூலின் வாக்கிய அமைப்பே நம்மைத் தடுத்து நிறுத்தியது. பேணப்படல் வேண்டும், குறைக்கப்படல் வேண்டும், ஒருங்கிணைக்கப்படல் வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் செயப்பாட்டு வினைகள் நிரம்பிக் கிடந்தன. பேணுபவர் யார், எவருடைய செலவில் பேணுவது, அதன் பயன் எவரைச் சேர்வது என்பவற்றுக்கு விடை இல்லை. நூலை மூடிவிட்டு மாணவர் கேட்டார்: "சேர், இந்தச் சங்கிலியில வாப்பா எங்க வாறாரு?" அவருடைய தந்தை அக்கரைப்பற்று வயல்வட்டையொன்றில் மூன்று ஏக்கரில் வேளாண்மை செய்பவர்.

வினைமுதல் எது என்று கேட்கும்படி வகுப்பிலே கற்பிக்கும் நாம், அதே கேள்வியை இத்தகைய நூல்களிடமும் கேட்பது முறையே.

இச்சொற்களை நாம் பழிக்கவில்லை. போரில் நொறுங்கிய ஜப்பானில் 1950ஆம் ஆண்டு டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் தரக்கட்டுப்பாடு பற்றி விரிவுரை நிகழ்த்தினார். குறைபாட்டின் வேர் பெரும்பாலும் தொழிலாளியின் கையிலன்று, வேலை ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலேயே உள்ளது என்பது அவர் வலியுறுத்திய உண்மை. வழங்கற் சங்கிலி முகாமைத்துவம் என்னும் தொடரை 1982இல் கீத் ஒலிவர் என்னும் தொழில் ஆலோசகர் வழக்கிற்குக் கொணர்ந்தார். வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு செய்யாத வளர்ச்சியே நிலைபேறானது என்று 1987இல் புருண்ட்லாந்து ஆணைக்குழு கூறியது. மூன்றும் நல்ல சிந்தனைகளே. அவை நமது நெற்களத்துக்கு வந்து சேரும்போது என்னவாகின்றன என்பதே கேள்வி.

முதலில் தரத்தை நோக்குவோம். உத்தரவாத விலைக்கு வாங்கும் நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. நியாயமான விதியே, ஈர நெல் மூட்டைக்குள் வெப்பமேறிப் பழுதாகும். முன்னர் அரிவாளால் அரிந்த நெல் உப்பட்டியாய் வயலிற் காய்ந்து, சூடாகக் குவிந்து, அதன் பின்னரே களத்தில் மிதிபட்டது. உலர்த்தும் வேலையை வெயிலும் காலமும் செய்தன. இன்று இயந்திரம் ஒரே ஓட்டத்தில் அறுத்து, அடித்து, கொட்டிவிடுகிறது. கூலி மிச்சம், நாளும் மிச்சம்; ஈரமும் நெல்லிலேயே மிஞ்சிவிடுகிறது. களம் இல்லாதவர் தார் வீதியில் நெல்லைப் பரப்புகிறார். அதற்கும் வழியற்றவர் ஈரத்தோடே விற்கிறார்.

இங்கே மாணவர் செய்து பார்க்கத்தக்க சிறு கணக்கு ஒன்றுண்டு. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 93 கிலோ நிற்கும். ஆகவே 7 கிலோ கழிப்பது தரத்தின் கணக்கு. உலர்த்தும் கூலியை வெளிப்படையாகப் பேசிச் சேர்ப்பதும் ஏற்கத்தக்கதே. கையால் அளைந்து பார்த்து மனத்திற்பட்டதைக் கழிப்பதோ பேரத்தின் கணக்கு. ஈரம் அளக்கும் கருவி எவர் கையில் உள்ளதோ, அவரே தரத்தின் வினைமுதல் ஆகிறார்.

இனிச் சங்கிலி. ஒரே வட்டையில் விதைத்த நெல் ஒரே வாரங்களில் விளைகிறது. பசளைக் கடன், உழவுக் கூலி, இயந்திர வாடகை யாவும் அதே வாரங்களில் வாசலுக்கு வருகின்றன. விற்பவருக்கு அவசரம் உண்டு. வாங்குபவருக்குக் களஞ்சியம் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வில் அரசு தலையிடவென்றே 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை சட்டத்தின்மூலம் நிறுவப்பட்டது. 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் அதன் இடம் சுருங்கியது. அரச கொள்முதல் பிந்தும் ஒவ்வொரு கிழமையும் விவசாயியின் பொறுமைக்கு வைக்கும் சோதனையாகிறது.

நெல்லுக்கு விலை கூடினால் உண்பவருக்குச் சுமை கூடாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்த 1953இல், ஓகஸ்ட் 12ஆம் நாள், இந்நாட்டு உழைப்பாளர் ஹர்த்தாலில் எழுந்ததை வரலாறு அறியும். சங்கிலியின் இரு முனைகளிலும் நிற்போர் உழைப்பவர்களே. அவர்களை ஒருவருக்கொருவர் பகையாக நிறுத்துவது தவறு. காத்திருக்கும் வலிமை இடையிலுள்ள சிலரிடம் மட்டும் குவிந்திருப்பதே ஆராயத்தக்கது.

நிலைபேற்றுக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணும் நீரும் மக்களும் நஞ்சின்றி வாழவேண்டும் என்ற இலட்சியத்தை எவர் மறுப்பார்? ஆனால் மாற்றுப் பசளை போதிய அளவில் தயாராக இல்லை. வயலில் இறங்குபவரின் சம்மதமும் கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்தது. நல்ல சொல்லும் வினைமுதலை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேறு வழி இல்லையா? உண்டு, அதுவும் நமது மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபை எழுப்பிய பெருநீர்த்தேக்கத்தின் இடதுகரையில், 1980களின் தொடக்கத்தில் வாய்க்கால்கள் தூர்ந்து, கடைமடைக்கு நீர் எட்டாத நிலை இருந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981 முதல் அங்கு விவசாயிகளை வாய்க்கால் வாரியாக அமைப்பாக்க உதவின. விவசாயிகள் தாமே தூர் அகற்றினர். முறை வகுத்து நீரைப் பகிர்ந்தனர். அதிகாரிகளோடு சமமாக அமர்ந்து பேசினர். தலைமடையில் சிங்களவரும் கடைமடையில் தமிழருமாக வாழ்ந்த பகுதியில், இனக்கலவரங்கள் நாட்டை எரித்த ஆண்டுகளிலும், அந்த ஒத்துழைப்புத் தொடர்ந்தது. அதில் பங்குகொண்ட நோர்மன் உப்ஹொஃப் 1992இல் அவ்வனுபவத்தை நூலாக எழுதினார். தரம், சிக்கனம், ஒருங்கிணைப்பு யாவும் அங்கே கைகூடின. காரணம், வாக்கியத்தின் வினைமுதல் விவசாயியே ஆனமை.

இவ்விடத்தில் நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ளல் வேண்டும். முற்போக்கு எழுத்து என்ற பெயரில் நமது சிறுகதைகள் பலவற்றில் கொடிய முதலாளி சிரிக்கிறார், ஏழை விவசாயி அழுகிறார், கதை முடிகிறது. நல்ல முதலாளி வந்தாலும் அறுவடை வாரத்தில் நெல் விலை சரியவே செய்யும் என்னும் உண்மையை அக்கதைகள் காட்டுவதில்லை. தூசும் பதரும் கலந்து விற்கும் விவசாயியின் தவறும் அவற்றில் இடம்பெறுவதில்லை. மனிதரின் குணத்தைத் தீட்டிவிட்டு, அவர்களை ஆட்டுவிக்கும் அமைப்பை எழுதாது விடுதல், கையேடு செய்யும் பிழையின் மறுபக்கமே. ஈரக் கழிவும் கடன் தவணையும் களஞ்சியத்தின் பூட்டும் இலக்கியப் பொருளாகும் நாளை நாம் எதிர்பார்க்கிறோம்.

கையேட்டின் வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றி எழுதிவருமாறு மாணவரிடம் கூறினோம். மறுநாள் அவர் கொண்டுவந்த தாளில், ஈரத்தை விவசாயிகளின் அமைப்பு அளக்கும், களத்தையும் களஞ்சியத்தையும் அமைப்பு வைத்திருக்கும், அறுவடைக்கு முன்பே அரசு கொள்முதலைத் தொடங்கும் என்றிருந்தது. மொழிப்பயிற்சியாகத் தொடங்கியது கோரிக்கைப் பட்டியலாக முடிந்திருந்தது. அத்தாளைத் தந்தையிடம் வாசித்துக் காட்டும்படி சொல்லி அனுப்பினோம். ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்புகளிலும் இப்பயிற்சியைச் செய்து பார்ப்பார்களாக.